மழை பெய்தால் மட்டும் பழுதாகும் நிலக்கீழ் மின்வடம்: தோண்டுவதற்கு முன் இடத்தைக் கணிப்பது எப்படி?

கனகராயன் (மாங்குளம்)

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையே ஏ34 வீதியோரத்தில் ஒரு பண்ணை இருக்கிறது. வீதிக்கரையில் உள்ள பிரதான பனலில் இருந்து உள்ளே நீரிறைக்கும் நிலையம் வரை ஒரு வடம் நிலத்தில் புதைக்கப்பட்டுள்ளது. 70 சதுர மில்லிமீற்றர் செப்புக் கடத்திகள் நான்கு, எக்ஸ்எல்பிஈ (குறுக்கிணைத்த பொலிஎதிலீன்) காவலி, உருக்குக் கம்பிக் கவசம், வெளியே பிவிசி உறை. பற்றுச்சீட்டில் 420 மீற்றர் என்று இருக்கிறது. கோடை முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்ற இந்த வடம், ஐப்பசி மழை விழுந்ததும் புவிக்கசிவு ரிலேயைத் தட்டத் தொடங்கிவிடுகிறது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் காவலித் தடையை அளக்கும் 500 வோல்ற்று மெகரால் பார்த்தபோது நீலக் கடத்திக்கும் கவசத்துக்கும் இடையே 40 கிலோ ஓம் காட்டியது; மற்றைய மூன்று கடத்திகளும் 200 மெகா ஓமுக்கு மேல். வெயில் பிடித்த பின்னர் அதே நீலக் கடத்தி 6 மெகா ஓமுக்கு ஏறிவிட்டது. வடத்தை முழுதாக மாற்றும்படி ஒருவர் சொல்கிறார்; உயர்வோல்ற்றளவு அடிகொடுக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து வரும்படி இன்னொருவர் சொல்கிறார்; உரிமையாளரோ பெக்கோவைக் கொண்டுவந்து முழு நீளத்தையும் தோண்டிவிடலாம் என்று நிற்கிறார். எந்த வரிசையில் இறங்குவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பாலியாறு

மின் அத்தியட்சகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் தந்த இரண்டு அளவீடுகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஈரத்தில் 40 கிலோ ஓமும் வெயிலில் 6 மெகா ஓமும் காட்டும் பழுது, உறை கிழிந்து நீர் உள்ளே போன பழுதாகும். கடத்தி அறவில்லை, கடத்தியோடு கடத்தி ஒட்டவும் இல்லை. ஆகவே இதற்குப் பொருந்தும் முறையை மட்டும் தேட வேண்டுமே தவிர, கையில் கிடைக்கும் கருவிக்குப் பழுதைப் பொருத்தக் கூடாது. வடம் முழுவதையும் மாற்றச் சொன்னவர் தம் வியாபாரத்தைச் சொல்லியிருக்கிறார்.

முதலில் சோதனையை முறையாகச் செய்து முடியுங்கள். இரு முனைகளிலும் நான்கு கடத்திகளையும் கழற்றுங்கள். நடுநிலைக் கடத்தியை மறந்து விட்டுவிட்டு மெகர் பிடித்து அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீரிறைக்கும் நிலையத்தில் ஜெனறேற்றரோ கூரைச் சூரியகலமோ இருந்தால் அதன் சுவிட்சையும் திறந்து பூட்டுப் போட்டு, அந்த முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கடத்தியையும் கவசத்துக்கு எதிராகவும், ஒன்றை ஒன்றுக்கு எதிராகவும் அளந்து எழுதுங்கள். தூர முனையில் எல்லாக் கடத்திகளையும் சேர்த்துக் கட்டித் தொடர்ச்சியையும் பாருங்கள்.

அடுத்ததாகப் பலரும் செய்யாத ஒன்று: இரு முனைகளிலும் கவசத்தைப் புவித்தொடுப்பில் இருந்து விடுவித்து, கவசத்துக்கும் சற்றுத் தள்ளி அறைந்த ஓர் இரும்புக் கூருக்கும் இடையே மெகர் பிடியுங்கள். வெளியுறை முழுதாக இருந்தால் மெகா ஓம் கணக்கில் காட்டும். கிழிந்திருந்தால் கிலோ ஓமுக்கு விழுந்துவிடும். அந்த எண் தெரிந்தால்தான் நிலத்தின் மேல் நடந்து தேடும் முறை உதவுமா என்று சொல்லலாம்.

கோடையில் பழுது ஒளிந்துகொள்வதற்கும் ஒரு வழி உண்டு. மெகரின் மறை முனையைக் கடத்தியிலும் நேர் முனையைக் கவசத்திலும் கொடுத்து 10 நிமிடம் வைத்திருங்கள். ஈரம் மறை முனையை நோக்கி நகரும் தன்மை உடையதால், கடத்தி மறையாக இருக்கும்போது பழுதிடம் நனைந்து தடை இறங்கும். மாற்றிக் கொடுத்தால் அதே இடம் உலர்ந்து, வடம் நல்லது என்று பொய் சொல்லும். தந்திக் காலத்து வடப் பரிசோதகர்களே இதை அறிந்திருந்தார்கள். பெரும்பாலான மெகர்களில் கடத்திக்கென்று குறித்த முனை மறையாகவே அமைந்திருப்பதும் இதனால்தான்.

குஞ்சுப்பரந்தன்

இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. ஓட்டத்தைத் தொடர்ந்து செலுத்திப் பழுதிடத்தை எரித்து, தடையை இறக்கிவிட்டு, பிறகு அடிகொடுக்கும் கருவியை இணைத்தால் நிலத்துக்குள் ‘டும்’ என்று கேட்கும் இடத்தில் தோண்டிவிடலாம். கொழும்புப் பக்கத்தில் பழைய வடங்களில் இப்படித்தான் செய்தார்கள்.

முத்தையன்கட்டு

நண்பர் சொல்லும் எரிக்கும் முறை, எண்ணெயூட்டிய காகிதக் காவலியும் ஈய உறையும் கொண்ட வடங்களுக்கு உரியது. காகிதமும் எண்ணெயும் கருகிக் கரிப்பாதையாக நின்றுவிடும் என்பதால் தடை இறங்கும். எக்ஸ்எல்பிஈ அப்படிக் கரியாவதில்லை. சூட்டில் இளகி மீண்டும் மூடிக்கொள்ளும். பழுது இறங்காமலே, பக்கத்தில் இருந்த நல்ல காவலி சூட்டில் கெட்டுவிடும்.

அடிகொடுக்கும் கருவியைப் பற்றியும் கணக்குப் பார்ப்போம். அதிலுள்ள கொள்ளளவி 8 மைக்குரோ பரட் என்றால், 16 கிலோவோல்ற்றில் அது 1000 ஜூலுக்குச் சற்று மேலான சக்தியைப் பழுதிடத்தில் கொட்டும். அந்த வெடிப்புத்தான் மண்ணின் மேல் கேட்கும். உங்களுடையது 0.6/1 கிலோவோல்ற்று வடம். அதற்கு 4 கிலோவோல்ற்றுக்கு மேல் கொடுக்க நான் துணியமாட்டேன். அதே கொள்ளளவி 4 கிலோவோல்ற்றில் தருவது 64 ஜூல் மட்டுமே, ஏனெனில் சக்தி வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகிறது. தாழ்வோல்ற்றளவு வீச்சில் பெரிய கொள்ளளவியை இணைக்கும் கருவிகளும் உண்டுதான். இருந்தாலும் ஈரப் பழுதில் பொறி பறக்காமல் மின்னேற்றம் நீரூடாக வடிந்துபோவது வழக்கம், அப்போது ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் குனிந்து நடந்தாலும் ஒன்றும் கேட்காது.

துடிப்பை அனுப்பித் தெறிப்பைப் பார்க்கும் டிடிஆர் கருவியைத் தேடி நீங்கள் யாழ்ப்பாணம் போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடத்தின் சிறப்புத் தடங்கல், அதாவது ஓடும் துடிப்புக்கு வடம் காட்டும் தடங்கல், 40 ஓம் என்று வைத்தால், 10 ஓம் பழுதில் இருந்து அனுப்பிய துடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வரும். 40 கிலோ ஓம் பழுதில் இருந்து திரும்புவது ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. திரையில் அது கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். ஆனால் ஒரு வேலைக்கு அது உதவும்: நல்ல கடத்தியில் அனுப்பினால் தூர முனையின் தெறிப்புத் தெளிவாக வரும். எக்ஸ்எல்பிஈ வடத்தில் துடிப்பு ஒரு மைக்குரோ செக்கனுக்கு ஏறத்தாழ 160 முதல் 170 மீற்றர் ஓடுவதால், போய்வரும் நேரத்தில் இருந்து முழு நீளத்தைச் சரிபார்க்கலாம்.

உங்களுக்குப் பொருந்துவது மரே வளையம், அதாவது நல்ல கடத்தி ஒன்றைச் சேர்த்துப் பழுதின் தூரத்தை விகிதமாக அளக்கும் பாலச் சுற்று. நல்ல கடத்தி மூன்று இருக்கின்றன என்பது பெரிய வாய்ப்பு.

செட்டிகுளம்

முத்தையன்கட்டு சொன்னதைத் தொழிற்பயிற்சி மாணவர்களும் வாசிப்பார்கள் என்பதால் விரித்து எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எல்லோரும் தொட்டுப் பார்த்த மீற்றர்ப் பாலம்தான் இது. தூர முனையில் பழுதான நீலக் கடத்தியையும் நல்ல சிவப்புக் கடத்தியையும் தடித்த செப்புத் துண்டால் இணைத்தால், இரண்டும் சேர்ந்து வடத்தின் இரு மடங்கு நீளமுள்ள ஒரே கம்பியாகின்றன. இந்தப் பக்க முனைகளுக்குக் குறுக்கே பாலத்தின் கம்பியையும் கல்வனோமானியையும் இணைத்து, வழுக்கும் சாவியில் இருந்து மின்கலத்தினூடாகக் கவசத்துக்குத் தொடுப்புக் கொடுக்கிறோம். ஓட்டம் பழுதிடத்தின் வழியாகத் திரும்புகிறது. முள் பூச்சியத்தில் நிற்கும் இடம் பாலக்கம்பியை எந்த விகிதத்தில் பிரிக்கிறதோ, அதே விகிதத்தில் பழுது இரட்டை நீளத்தைப் பிரிக்கிறது.

இதன் அழகு எதுவென்றால், பழுதின் தடை மின்கலச் சுற்றில் மட்டும் இருக்கிறது, விகிதத்துக்குள் வருவதில்லை. பழுது 40 ஓம் ஆனாலும் 40 கிலோ ஓம் ஆனாலும் பூச்சிய இடம் ஒன்றே. எனவே கனகராயன் ஒரு பாடசாலையில் மீற்றர்ப் பாலத்தை இரவல் வாங்கி, 12 வோல்ற்று பற்றரியோடு இன்றே முயலலாம் அல்லவா?

முத்தையன்கட்டு

கொள்கை சரி, ஆசிரியரே. ஆனால் உணர்திறன் போதாது. 12 வோல்ற்றை 40 கிலோ ஓம் ஊடாகச் செலுத்தினால் 0.3 மில்லிஅம்பியர் ஓடும். 70 சதுர மில்லிமீற்றர் செப்பின் தடை கிலோமீற்றருக்கு 0.268 ஓம். ஒரு மீற்றர் நகர்ந்தால் உங்கள் கல்வனோமானி உணர வேண்டிய வேறுபாடு ஒரு மைக்குரோவோல்ற்றின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பண்ணையில் நின்று அதை அளக்க முடியாது. 1000 வோல்ற்று கொடுக்கும் வடப் பழுதுப் பாலம் ஒன்றானால் 25 மில்லிஅம்பியர் ஓடி, மீற்றருக்கு 6 மைக்குரோவோல்ற்றுக்கு மேல் கிடைக்கும். அது போதும். 1000 வோல்ற்றில் 25 மில்லிஅம்பியர் ஆளைக் கொல்லக்கூடும் என்பதால், சமநிலை பார்ப்பவர் காவலிட்ட கைப்பிடியைத் தவிர எதையும் தொடக் கூடாது. தூர முனைக் காவலாளிக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டே சாவியைப் போட வேண்டும்.

இந்த அளவீட்டில் பலர் வழுக்கும் இடம் தொடுகை. கம்பி முனையில் உள்ள துருப்பிடித்த லக்கிலோ முதலைக் கவ்வியிலோ 5 மில்லி ஓம் தொடுகைத் தடை இருந்தால், அது 70 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 18 மீற்றருக்கு மேலான நீளத்துக்குச் சமன். பழுது 230 மீற்றரில் இருக்கும்போது, பழுதான கடத்தியின் அருகு முனையில் அந்தத் தொடுகை இருந்தால் விடை 13 மீற்றர் அளவுக்கு விலகிவிடும்; தூர முனைத் துண்டில் இருந்தால் 5 மீற்றர் அளவுக்கு விலகும். ஆகவே கடத்தியை உப்புத்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, போல்ற்றால் இறுக்குங்கள். கல்வனோமானிக் கம்பிகளை ஓட்டம் செல்லும் கவ்வியில் சேர்க்காமல் கடத்தியிலேயே தனியாகக் கொடுங்கள்.

ஈரப் பழுது ஒரு சிறு மின்கலமாகவும் நடந்துகொள்ளும். செப்பும் உருக்கும் நனைந்த மண்ணும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? எல்லாம் கழற்றிய நிலையில் நீலக் கடத்திக்கும் கவசத்துக்கும் இடையே மல்ற்றிமீற்றரை வைத்தால் நேரோட்ட மில்லிவோல்ற்று ஏதாவது காட்டும். அந்த வோல்ற்றளவு சமநிலையைச் சற்றுத் தள்ளிவிடுவதால், முனைகளை மாற்றி இரண்டு முறையும் அளந்து சராசரி எடுங்கள்.

செட்டிகுளம்

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். கடத்தி அறுந்த பழுதுக்கு மட்டும் மலிவான வழி ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். கொள்ளளவம் காட்டும் சாதாரண மல்ற்றிமீற்றரால், அறுந்த கடத்திக்கும் கவசத்துக்கும் இடையே இரு முனைகளில் இருந்தும் அளக்க வேண்டும்; மற்றக் கடத்திகளைக் கவசத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். 420 மீற்றர் வடத்தில் இந்த முனையில் 31 நானோ பரட், அந்த முனையில் 62 நானோ பரட் என்றால், அறுந்த இடம் இந்த முனையில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 140 மீற்றரில் இருக்கும். ஈரம் புகாத அறுவைக்கு மட்டுமே இது நம்பத்தக்கது.

கனகராயன் (மாங்குளம்)

பாலியாறு ஐயா சொன்னபடி சோதனையை முடித்துவிட்டேன். ஜெனறேற்றரின் மாற்றுச் சுவிட்ச் பூட்டப்பட்டது. மறை முனையைக் கடத்தியில் வைத்தபோது, வெயில் நாளிலும் நீலம் 10 நிமிடத்தில் 6 மெகா ஓமில் இருந்து 300 கிலோ ஓமுக்கு இறங்கியது. திருப்பிக் கொடுத்தபோது ஏறியது. கவசத்துக்கும் நிலத்துக்கும் இடையே 9 கிலோ ஓம். மல்ற்றிமீற்றர் 380 மில்லிவோல்ற்று காட்டுகிறது.

நீளத்தைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. வட உறையில் மீற்றருக்கு மீற்றர் அச்சிட்டிருக்கும் எண்ணை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வாசித்தேன். பனல் முனையில் 0612, நீரிறைக்கும் நிலையத்தில் 1027. ஆகவே நிலத்தில் கிடப்பது 415 மீற்றர். பற்றுச்சீட்டின் 420 இல் மீதம் வெட்டுத்துண்டாகப் போயிருக்க வேண்டும். பனலின் கீழ்க் குழியில் ஏறத்தாழ 4 மீற்றர் சுருளாகவும் கிடக்கிறது. 1000 வோல்ற்றுப் பாலம் ஒன்றை இரவலாகத் தர ஒருவர் இசைந்துள்ளார். பாலம் காட்டும் தூரத்தை நிலத்தில் எப்படிக் குறிப்பது?

பாலியாறு

இலக்கத்தை வாசித்தது நல்ல வேலை. இடையில் ஏதாவது துண்டு மாற்றப்பட்டிருந்தால் எண்கள் பொருந்தாது. நல்ல கடத்தியில் டிடிஆர் கிடைத்தால் அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். பாலத்தால் இரு முனைகளில் இருந்தும் தனித்தனியே அளவிடுங்கள். இரண்டு தூரங்களின் கூட்டுத்தொகை 415 க்குக் கிட்ட வந்தால் அளவீட்டை நம்பலாம். 15, 20 மீற்றர் விலகினால் தொடுகைகளை மறுபடி துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பாலம் தருவது வடத்தின் நீளம், நிலத்தின் நீளமல்ல. சுருளையும், வளைவையும், வீதியின் கீழே இறங்கி ஏறும் ஆழத்தையும் கழித்த பின்னர்தான் நாடா பிடிக்க வேண்டும். வடம் செல்லும் பாதையைக் குறிக்கும் கற்கள் பண்ணையில் இருக்கப்போவதில்லை; ஒலி அதிர்வெண் அனுப்பிப் பாதையைத் தேடும் கருவியால் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பாலம் சில மீற்றருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். சரியான இடத்துக்கு நிலத்தின் மேல் படி வோல்ற்றளவை, அதாவது மண்ணின் இரு புள்ளிகளுக்கு இடையிலான வோல்ற்றளவைப் பாருங்கள். கவசம் இரு முனையிலும் விடுபட்டிருக்கையில், நீலக் கடத்திக்கும் தூரத்தில் அறைந்த புவிக் கூருக்கும் இடையே நேரோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்தால், உறை கிழிந்த இடத்தில் ஓட்டம் மண்ணுக்குள் இறங்கி நாலாபுறமும் பரவும். ஒரு மீற்றர் இடைவெளியில் இரு கூர்களை மண்ணில் குத்தி, இடையே நடுப்பூச்சிய மில்லிவோல்ற்றுமானியை வைத்துப் பாதையில் நடந்தால், முள் பழுதின் பக்கம் சாயும். பழுதைத் தாண்டியதும் மறுபக்கம் சாயும். இரு கூர்களுக்கும் சரி நடுவில் பழுது வரும்போது அசையாது நிற்கும். பின்பு பாதைக்குக் குறுக்காகவும் அப்படியே பார்த்தால் ஒரு புள்ளி கிடைக்கும்.

நமது செம்மண் காய்ந்திருக்கும்போது கூர் மண்ணோடு தொடுகை கொள்ளாது. ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துப்போய்க் குத்தும் இடத்தில் ஊற்றுங்கள். துடிப்புப் போகும் நேரத்தில் கூரின் பக்கமும் பாதையின் மேலும் மாடுகள் நிற்காமல் பார்க்க ஒருவர் வேண்டும். முன்கால் ஓரிடத்திலும் பின்கால் வேறிடத்திலும் ஊன்றும் விலங்குக்குப் படி வோல்ற்றளவு மனிதனைவிட அதிகம் பாதிப்புத் தரும்.

துடிப்பை ஒருமுறை கடத்தியிலும் மறுமுறை கவசத்திலும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. உறையில் ஓட்டை ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கவசத்தில் கொடுத்தால் எல்லா ஓட்டைகளும் முள்ளை ஆட்டும். காவலி கெட்ட ஓட்டை எது என்பதைப் பாலத்தின் தூரம் காட்டிக்கொடுக்கும்.

நெடுங்கேணி

தோண்டுவதைப் பற்றி ஒரு சொல். வீதிக்கும் வீட்டு வளவுக்கும் பழகிய நிலத்தில் பிரச்சினை குறைவு. ஆனால் பண்ணையின் பின்புறம் காடு திருத்திய காணியாக இருந்தால், வடம் போட்ட அகழியை விட்டு விலகித் தோண்டுவதற்கு முன்னர், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலம்தானா என்பதைப் பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ கேட்டுவிடுங்கள். 2009 க்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழிந்தும் வெடிக்காத பொருட்கள் விறகுக்கும் வேலிக்கும் தோண்டியவர்களின் கையில் அகப்பட்டிருக்கின்றன. பெக்கோ வேண்டவே வேண்டாம். மண்வெட்டியையும் கடைசி ஓர் அடியில் வைத்துவிட்டுக் கரண்டியால் கிளறுங்கள். வடத்தின் மேல் செங்கல்லோ எச்சரிக்கை நாடாவோ போட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது.

மாந்தை

நான் 33 கிலோவோல்ற்றுப் பக்கம் வேலை செய்யும் ஒருவருக்கு உதவியாளனாக இருக்கிறேன். புதிதாகப் போட்ட 33 கிலோவோல்ற்று எக்ஸ்எல்பிஈ வடத்தை நேரோட்டத்தால் சோதிக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். பழைய கருவியோ நேரோட்டம் மட்டுமே தருகிறது. இதில் எது சரி?

முத்தையன்கட்டு

வன்னியில் 33 கிலோவோல்ற்று மார்க்கங்கள் பெரும்பாலும் கம்பங்களின் மேல்தான் ஓடுகின்றன. வவுனியா, கிளிநொச்சி போன்ற கிறிட் உபநிலையங்களில் இருந்து வெளியேறும் முதல் துண்டு, சில வீதிக் கடவைகள், மன்னார்த் தீவில் தம்பபவனியின் 3.45 மெகாவாற்றுக் காற்றாலைகள் 30 ஐ இணைக்கும் வலையமைப்பு ஆகியவற்றில் நிலக்கீழ் வடத்தைக் காணலாம். ஆகவே உங்கள் கேள்வி இங்கே பொருத்தமானதே.

காகித வடத்துக்குக் கட்ட வோல்ற்றளவின் (கடத்திக்கும் புவிக்கும் இடையிலானது) 4 மடங்கு நேரோட்டத்தை 15 நிமிடம் கொடுப்பது நெடுங்கால வழக்கம். எக்ஸ்எல்பிஈயில், குறிப்பாகச் சில ஆண்டுகள் ஈரத்தில் கிடந்து நீர்மரம் (காவலிக்குள் ஈரம் மரக்கிளைபோல் படரும் நுண்கோடுகள்) பிடித்த வடத்தில், நேரோட்டம் காவலிக்குள் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்திவிடுகிறது. சோதனையில் வடம் தேறும். ஆனால் மறுபடி வழமையான 50 ஹேட்ஸ் ஆடலோட்டம் ஏறியதும் அந்தச் சிறைப்பட்ட மின்னேற்றத்தின் புலமும் சேர்ந்து, சில நாட்களில் காவலி துளைபடும். புதிய வடத்துக்கு இந்தத் தீங்கு குறைவு என்றாலும், பெரிய குறைகளை நேரோட்டம் காட்டாமல் விட்டுவிடக்கூடும். அதனால் 0.1 ஹேட்ஸ் அதிர்வெண்ணில் சோதிக்கும் விஎல்எஃப் (மிகத் தாழ் அதிர்வெண்) கருவி வந்தது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமமான ஐஈசி 60502-2 இன் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்ட வோல்ற்றளவின் 3 மடங்கை 15 நிமிடம் இந்த அதிர்வெண்ணில் கொடுக்க இடமளிக்கிறது. 19/33 கிலோவோல்ற்று வடத்துக்கு அது 57 கிலோவோல்ற்று.

ஏன் 0.1 ஹேட்ஸ்? ஒரு கிலோமீற்றருக்கு 0.25 மைக்குரோ பரட் கொள்ளளவம் என்று வைத்தால், 57 கிலோவோல்ற்றை 50 ஹேட்சில் கொடுக்க 250 கிலோவோல்ற் அம்பியருக்கு மேல் தேவைப்படும். அதற்கு லொறியில்தான் கருவி வர வேண்டும். 0.1 ஹேட்சில் அதில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும், வான் ஒன்றின் பின்புறத்தில் அடங்கிவிடும்.

உங்களிடம் நேரோட்டக் கருவி மட்டும் இருந்தால் அதை வெளியுறைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். ஐஈசி 60229 இன்படி உறையின் தடிப்பில் மில்லிமீற்றருக்கு 4 கிலோவோல்ற்று, ஆனால் 10 கிலோவோல்ற்றுக்கு மேற்படாமல், 1 நிமிடம். அகழியை மூடிய கையோடு இதைச் செய்தால், கல்லோ அலவாங்கோ பட்ட இடம் அன்றே தெரிந்துவிடும். என் பார்வையில் நம் பகுதிக்கு இதுவே எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை, ஏனெனில் இங்கே காவலி தானாகச் சாவது அரிது. உறையை யாரோ குத்தி, மாரி மழை மெல்ல உள்ளே போய்த்தான் சாகிறது.

எந்தச் சோதனைக்குப் பிறகும் மின்னிறக்கக் கோலை வைத்துவிட்டு உடனே எடுக்காதீர்கள். காவலி உறிஞ்சிய மின்னேற்றம் சிறிது நேரம் கழித்து மீண்டும் முனையில் தலைகாட்டும். புவித்தொடுப்பு, வேலை முடியும்வரை முனையிலேயே இருக்கட்டும்.

கனகராயன் (மாங்குளம்)

பழுது கிடைத்துவிட்டது. பாலத்தில் பனல் முனையில் இருந்து விகிதம் 0.281, இரட்டை நீளமான 830 ஆல் பெருக்க 233 மீற்றர். நீரிறைக்கும் நிலையத்தில் இருந்து 0.218; அதாவது 181 மீற்றர். கூட்டினால் 414, ஒரு மீற்றர் மட்டுமே குறைவு. சுருளைக் கழித்து 229 மீற்றருக்கு நாடா பிடித்தபோது, யானைக்காகப் போட்ட மின்வேலியின் ஒரு கொங்கிறீற்றுத் தூணுக்கு அருகில் போய் நின்றோம். படி வோல்ற்றளவு முள், தூணில் இருந்து இரண்டு சாண் தள்ளித் திரும்பியது. கவசத்தில் துடிப்புக் கொடுத்தபோது பனலில் இருந்து 90 மீற்றர் அளவில் இன்னோர் இடமும் முள்ளை ஆட்டியது. கடத்தியில் கொடுத்தபோது அங்கே அசைவே இல்லை.

தூணுக்குக் குழி தோண்டியபோது அலவாங்கின் நுனி பட்டிருக்கிறது. பிவிசி உறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. அதன் கீழ் உருக்குக் கம்பிகள் ஒரு சாண் நீளத்துக்குத் துருப்பிடித்து, தொட்டதும் செம்பொடியாக உதிர்ந்தன. உள்ளுறையைப் பிரித்தபோது நீலக் கடத்தியின் காவலியில் மெல்லிய பிளவும், அதன் வாயில் பச்சைக் களிம்பும் இருந்தன. பக்கத்துக் கடத்திகளில் கீறல்கூட இல்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒரே மூட்டாகப் போட்டால் போதுமா?

பாலியாறு

போதாது. களிம்பு கண்ட இடத்தில் நீர் நின்றுவிடுவதில்லை; புரியிட்ட கடத்தியின் இழைகளுக்கிடையே இரு பக்கமும் ஊர்ந்து போயிருக்கும். இரு பக்கமும் வெட்டிக்கொண்டே போய், இழைகளை விரித்துப் பார்த்தால் செம்பு மினுங்கும் உலர்ந்த இடம் வர வேண்டும். அங்கே நிறுத்தி, அதே அளவு வடத்துண்டு ஒன்றை இடையில் வைத்து இரண்டு மூட்டுப் போடுங்கள். நேரடியாகப் புதைக்கும் வடத்துக்குப் பிசின் வார்க்கும் மூட்டு நல்லது. மழை தூறும் நேரத்தில் வார்க்க வேண்டாம். கவசத் தொடர்ச்சிக்கான இணைப்பு, பழுதோட்டத்தைத் தாங்கும் அளவுக்குத் தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய கம்பியைச் சுற்றிவிட்டுப் போகும் வழக்கம் இங்கே அதிகம். 90 மீற்றரில் உள்ள ஓட்டையையும் இப்போதே தோண்டி உறையைச் சீர்செய்யுங்கள். அங்கே காவலி இன்னும் தப்பி நிற்கிறது, அடுத்த மாரிக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

பிசின் இறுகிய பின்னர், முனைகளை இணைப்பதற்கு முன் மூன்று அளவீடுகள் எடுங்கள்: 1000 வோல்ற்று மெகரால் ஒவ்வொரு கடத்திக்கும் மற்றவற்றுக்கும் கவசத்துக்கும் இடையிலான தடை, கவசத்தின் முனைக்கு முனை தொடர்ச்சி, கவசத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான உறைத் தடை. மூன்றாவது எண் 9 கிலோ ஓமில் இருந்து மெகா ஓமுக்கு ஏறாவிட்டால் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது என்று பொருள். மண்ணை மூடாமல் மறுபடி கூரோடு நடக்க வேண்டும். மூட்டு இரண்டின் இடத்தையும், புதுத் துண்டின் நீளத்தையும், உறையில் வெட்டிய இலக்கங்களையும் எழுதிப் பனலின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள்.

கனகராயன் (மாங்குளம்)

இரண்டு மூட்டும் வார்த்தாயிற்று, 90 மீற்றரில் இருந்த உறையும் ஒட்டப்பட்டது. வெட்டியது உறை இலக்கம் 0841 க்கும் 0849 க்கும் இடையே. இழைகளின் கறுப்பு அவ்வளவு தூரத்துக்குப் போயிருந்தது. நான்கு கடத்திகளும் 500 மெகா ஓமுக்கு மேல்; கவசத்துக்கும் நிலத்துக்கும் இடையே 14 மெகா ஓம். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் மறுபடி மூன்றையும் அளந்து, எண்களை இங்கேயே இடுகிறேன்.